ஏர் ஓட்டாத மூலை

எங்கள் கொல்லையில் அப்பா சாமை விதைக்காமல் விட்டது ஒரே ஒரு வருஷம்தான். அப்போது நான் மலை மேலேயே இருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தால், பச்சையாக இருக்க வேண்டிய கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்தது. மாடுகள் கொட்டிலில் சும்மா நின்றன. அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பாவாண்ட எதுவும் கேக்காத" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். முதல் மழைக்கு அப்பா ஏர் பூட்டியிருக்கிறார். வனத்துறை கார்டு ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து, இது ரிசர்வ் காடு, இதில் உழக் கூடாது என்று சொல்லி மாடுகளை ஓட்டிக்கொண்டு, ஏரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவற்றைத் திரும்பக் கேட்டுப் போன அப்பாவின் முன்னால் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். கட்டை விரலை மையில் அழுத்தி அதில் வைத்துவிட்டு, மாடுகளோடு இருட்டுவதற்குள் வீடு திரும்பியிருக்கிறார். அந்தத் தாளில் 'நான் வனத்தை ஆக்கிரமித்தது உண்மை' என்று எழுதியிருந்ததாக யாரோ படித்துச் சொன்னது அதற்கும் பிறகுதான். அப்பாவின் அப்பா கல் பொறுக்கி வரப்பு கட்டிய நிலம் அது. திருட்டை ஒப்புக்கொண்டவன் மாதிரி ஆகிவிட்டது என்று அப்பா அந்த வருஷம் முழுக்கக் கொல்லைப் பக்கமே போகவில்லை.

அடுத்த வருஷம் போனார். சோறு வேண்டுமே. ஆனால் அதற்குப் பிறகு, தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் ஏரை நிறுத்திவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. சொந்தக் கொல்லையில் ஒளிந்து விதைக்கிற மனுஷனைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

எங்கள் ஊர் ஆலங்காயத்துக்கு மேலே, காவலூரையும் தாண்டி உள்ளே இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற லைனில் ஹெல்பராக ஆரம்பித்து, தையலுக்கு வந்து, இப்போது செக்கிங்கில் இருக்கிறேன். இடையில் கல்யாணமும் ஆனது. உள்ளூரிலேயே, அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். ஊர் ஆண்களில் பாதிப் பேர் குடகில் காபி எஸ்டேட்டிலோ திருப்பூரிலோ இருப்பார்கள்; என் தம்பியும் குடகில்தான். பெண்களில் பெரும்பாலோர் என்னோடு கம்பெனி வேனில் இருப்பார்கள். விடிகிற நேரத்தில் வேன் எங்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். அது வாணியம்பாடியைத் தாண்டும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்போம்.

வேனில் நிலத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. டார்கெட், சூப்பர்வைசர், மாமியார், சீரியல், எல்லாம் பேசுவோம். நிலம் என்பது ஆண்கள் ஊர்க் கூட்டத்தில் பேசுகிற விஷயம். ஊர்க் கூட்டம் நடக்கும் புளியமரத்தடிக்குப் பெண்கள் போவதில்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று காது கொடுப்போம். எங்களை யாரும் விரட்டியதில்லை, கூப்பிட்டதும் இல்லை.

எனக்கு ஒரு வக்கீல் பெண் அறிமுகமானது பி.எப். விஷயமாகத்தான். வேலையை விட்டு நின்ற ஒரு தோழிக்குப் பணம் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மண்டபத்தில் தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஷிப்ட் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பர்தா போட்ட, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவளாக இருக்கக்கூடிய ஒரு பெண் மேஜைக்குப் பின்னால் இருந்தாள். வாணியம்பாடிக்காரி. கோர்ட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்று அவளே சொன்னாள். தோழியின் வேலை முடிந்து கிளம்பும்போது, சும்மா பேச்சுக்கு என் ஊரைக் கேட்டாள். சொன்னேன்.

"மலை மேலயா அக்கா? நிலம் இருக்கா?"

"இருக்கு. ஆனா இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "பட்டா கிடையாதா?"

"ரிசர்வ் காடுன்றாங்க. நாங்க எங்க தாத்தா காலத்துல இருந்து உழுதுனு இருக்கோம்."

என்னை மறுபடி உட்காரச் சொன்னாள். தோழிக்கு அவள் பஸ் போய்விடுமோ என்று கவலை. அவளை அனுப்பிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

அரசியலமைப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் முதல் முறையாகக் கேள்விப்பட்டேன். எங்களைப் போன்ற பழங்குடிகள் வாழ்கிற பகுதிகளை அதில் சேர்த்தால், அந்த நிலங்கள் அவர்கள் கையை விட்டுப் போகாமல் காக்கத் தனி ஏற்பாடு உண்டாம். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவளே அதைத் தணித்தாள்.

"ஆனா அக்கா, நம்ம தமிழ்நாட்டுல ஒரு ஊரைக்கூட அதுல சேர்க்கல."

"அப்புறம் எதுக்கு எனக்குச் சொல்றீங்க?"

"அது இல்லன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல. வன உரிமைச் சட்டம் இருக்கு. அது உங்களுக்கும் பொருந்தும். அதோட முதல் பக்கத்துலயே இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா? காட்டுல வாழ்றவங்களுக்கு வரலாற்று ரீதியா அநியாயம் நடந்திருக்கு, அதைச் சரி பண்றதுக்குத்தான் இந்தச் சட்டம்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கு."

அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். அப்பா ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்ட வாக்கியம் மட்டுமே அதுவரை எனக்குத் தெரியும். அரசாங்கமும் ஒன்றை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது என்பது என்னை என்னவோ செய்தது. பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியத்தை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். அந்தச் சட்டம் சொல்கிற தேதிக்கு முன்பிருந்தே உழுதுவருகிறோம் என்று காட்டினால் போதும், மனு கொடுக்க வேண்டும், கிராம சபையில் வைக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்த வரையில் சொன்னேன்.

"என் நெலத்தை எனக்குக் குடுன்னு நான் போய் மனு குடுக்கணுமா?"

"அப்டி இல்லப்பா..."

"அப்டித்தான். நான் ஏற்கெனவே ஒரு தாள்ல விரல் வெச்சுட்டேன். இன்னொரு தாள்ல வெக்க மாட்டேன். அதுல இன்னா எழுதியிருக்கும்னு யார் கண்டா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.  அப்பாவின் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபமாகத்தான் இருந்தது.

அப்பா வேண்டாம் என்றாலும் ஊரில் மற்றவர்களுக்கு வேண்டியிருந்தது. வேனில் நான் சொல்ல, அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல, ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் பேசி, எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு கிராம சபை கூட்ட ஏற்பாடானது. வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்து, மனுக்களையும் அதில்தான் வாங்க வேண்டும். நாங்கள் எல்லோரும் கம்பெனியில் இருந்த ஒரு வார நாளில் அதை வைத்தார்கள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியபோது புளியமரத்தடியில் ஆண்கள் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் செல்லாது என்று வந்த அலுவலர் சொல்லிவிட்டாராம். ஊரில் வயது வந்தவர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஆண்களில் பாதிப் பேர் குடகில் இருந்தார்கள். பெண்கள் நாங்கள் ஆம்பூரில் இருந்தோம்.

"பொம்பளைங்க இல்லாம கூட்டம் நடக்காதாமே" என்று ஒரு பெரியப்பா முறைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் கோபமும் இருந்தது, ஒரு திகைப்பும் இருந்தது. இத்தனை காலம் நாங்கள் இல்லாமலேதான் எல்லாக் கூட்டமும் நடந்தது.

மறு கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். குடகிலிருந்து முடிந்தவர்கள் வருவதாகப் போனில் சொன்னார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் கம்பெனியில் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அவசர ஷிப்மென்ட், ஞாயிறும் வேலை உண்டு, யாருக்கும் லீவு கிடையாது.

அன்று வேன் முழுக்க ஒரே இரைச்சல். ஒருத்தி அழுதேவிட்டாள். போகாவிட்டால் வேலை போய்விடும் என்று சிலர். போய்த் தொலையட்டும் என்று சிலர். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செக்கிங்கில் இருக்கிறவள் என்பதால் மேனேஜரிடம் பேசுகிற பழக்கம் எனக்குத்தான் உண்டு.

எங்கள் மேனேஜர் ஆம்பூர்க்காரர், நரைத்த தாடி, அதிகம் பேச மாட்டார். அவர் மேஜை முன்னால் நின்று, மலையிலிருந்து வருகிற நாங்கள் எல்லோரும் அந்த ஞாயிறு வர முடியாது, அடுத்து வருகிற ஞாயிறு வேண்டுமானால் வருகிறோம், வார நாட்களில் கூடுதலாக இருந்து முடித்துத் தருகிறோம் என்று சொன்னேன். 

"இன்னாம்மா இது, ஊர்ல திருவிழாவா?"

"இல்ல சார். எங்க நிலத்துக்குக் கூட்டம். பொம்பளைங்க உக்காந்தாத்தான் செல்லுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லீவு குடுன்னு என்னைக் கேட்டா நான் குடுக்க முடியாது. மேல இருந்து ஆர்டர். பேஜாரா ஆயிடும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். வேன்களைக் கவனிக்கிற ஆளை என்பது பேச்சிலிருந்து புரிந்தது. "அந்த மலை வண்டி பிரேக் சத்தம் குடுக்குதுன்னு சொன்னியே, சர்வீசுக்கு விட்டாச்சா? இல்லையா? ஞாயித்துக்கிழமை விட்டுடு. ஆமா, ஒருநாள் பூராவும்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மேல வண்டி வராது. வண்டி இல்லன்னா நீங்க எப்படி வருவீங்க? யாரும் உங்களக் கேக்க முடியாது. போம்மா, வேலையப் பாரு."

நன்றி சொல்லக்கூட அவர் விடவில்லை. அந்த வாரம் முழுக்க நாங்கள் யாரும் தலையைத் தூக்காமல் வேலை செய்தோம். சனிக்கிழமை வேன் எங்களை இறக்கிவிட்டபோது டிரைவர், "நாளைக்கு வண்டிக்கு ரெஸ்டு, உங்களுக்கு டூட்டி" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் நாங்கள் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே போய் நின்றோம். வந்திருந்த அலுவலர் எழுந்து, "அம்மா, அங்க நின்னா கணக்குல வராது. இங்க வந்து உக்காருங்க" என்றார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். யாரும் நகரவில்லை. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்தான் கடைசியில் எழுந்து ஆண்களைப் பார்த்து, "எடம் விடுங்கய்யா" என்றார். ஆண்கள் நகர்ந்து உட்கார, ஜமக்காளத்தில் பாதி காலியானது. நாங்கள் போய் உட்கார்ந்தோம். எனக்கு எதிரே அப்பா மரத்தில் சாய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாணியம்பாடி வக்கீல் பெண்ணும் வந்திருந்தாள். பஸ் வளைவுகளில் ஏறியதில் வாந்தி எடுத்துக் களைத்திருந்தாள். ஒரு அத்தை அவளுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலும் பெண்கள் இருந்தாக வேண்டும் என்பதால் என் பெயரையும் வேனில் என் பக்கத்து சீட்டில் வருகிறவளின் பெயரையும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, எந்த இடம், நான்கு பக்கமும் யார் யார் கொல்லை என்று கேட்டு மனுவை வாங்கினார்கள்.

எங்கள் முறை வந்தது. அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். "எனக்கு வேணாம்" என்றார் உட்கார்ந்தபடியே. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

எனக்குப் பின்னாலிருந்து, "எனக்கு வேணும்" என்று ஒரு குரல் கேட்டது.

அம்மா எழுந்து நின்றிருந்தாள். அம்மா அத்தனை பேர் முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அவரு ஏர் புடிச்சாரு. களை எடுத்தது, அறுத்தது, கல்லு பொறுக்கினது எல்லாம் நானுந்தான். அவரு குடுக்காட்டி நான் குடுக்கறேன். குடுக்கலாமா கூடாதா?"

அலுவலர் வக்கீல் பெண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து, "குடுக்கலாம். பட்டா வந்தாலே புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும்தான் வரணும்னு சட்டம் சொல்லுது. பொண்டாட்டி பேர் இல்லாம குடுக்க முடியாது" என்றாள்.

ஒருவர் சிரித்தார். ஒருவர் "சரிதானே" என்றார். ஊர்க்கவுண்டர் அம்மாவைப் பார்த்து, "நாலு பக்கமும் சொல்லும்மா" என்றார். அம்மா சொன்னாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் போனபோது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா போட்ட சோற்றை அப்பா மறுக்கவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

அறுவடை முடிந்தபின் இடத்தைப் பார்க்க வந்தார்கள். சர்வேயர், வி.ஏ.ஓ., வனவர், எங்கள் குழு. வனவர் இளம் வயதுக்காரர், இந்தப் பக்கத்துக்குப் புதிது. கையில் ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தார். காக்கியைப் பார்த்ததும் அப்பா வழக்கம்போல மரத்தடிக்குப் போய்விட்டார்.

கல் வரப்புகளைப் பார்த்தார்கள். பலா மரத்தைப் பார்த்தார்கள். மழைத் தண்ணீர் நிற்கத் தாத்தா வெட்டிய குழியைப் பார்த்தார்கள். இதெல்லாம் சாட்சி என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் என்று வக்கீல் பெண் முன்பே சொல்லியிருந்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப் பக்கத்து மூலைக்கு வந்ததும் வனவர் நின்றார். அங்கே புதர் மண்டி, இரண்டு மரம் வளர்ந்து நிழல் கட்டியிருந்தது.

"இந்த மூலையில சாகுபடி நடந்த மாதிரியே தெரியலையே. இது காடுதானே? இதைக் கழிச்சிடலாம்" என்றார் சர்வேயரிடம்.

அவர் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அந்த மூலையில் அப்பா ஏர் ஓட்டியதில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை. களை எடுக்கப் போகிற நாட்களில் அம்மா அங்கேதான் உட்கார்ந்து கூழ் குடிப்பாள். நிழலுக்காக என்று நினைத்திருந்தேன்.

"அங்க ஏர் ஓட்ட மாட்டோம் சார்" என்றாள் அம்மா.

"அதான்ம்மா நானும் சொல்றேன். ஓட்டாத இடத்தை எப்படிச் சேர்க்கறது?"

அம்மா புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். குனிந்து சருகுகளைக் கையால் ஒதுக்கினாள். கைக்கு அடங்குகிற அளவுக் கற்கள், ஒன்றோடொன்று சேர்த்து ஒரு சின்ன வட்டமாக அடுக்கியிருந்தது தெரிந்தது. "எம் மொதப் புள்ள இங்கதான் இருக்கான்" என்றாள்.

 எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தான் என்பதே எனக்குத் தெரியாது.  நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கற்களின் மேலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வனவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தணிந்த குரலில், "எப்பம்மா? வருஷம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"வருஷமெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? இவ பொறக்கறதுக்கு முன்னாடி. காய்ச்சல் வந்துச்சு. ஆலங்காயம் எடுத்துனு போறதுக்கு அப்போ ரோடு ஏது?"

என் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. சட்டம் கேட்கிற தேதிக்கு வெகு காலம் முந்தையது அது. வனவர் தன் தாளில் எழுத ஆரம்பித்தார். அப்போது பின்னால் சருகு மிதிபடும் சத்தம். அப்பா மரத்தடியிலிருந்து எழுந்து வந்திருந்தார். காக்கிச் சட்டைக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

"குழி தோண்டினது நான். அதையும் எழுதிக்கங்க" என்றார்.

"எழுதறேன் பெரியவரே."

"எழுதினதைப் படிச்சுக் காட்டணும்."

"கண்டிப்பா."

வனவர் எழுதி முடித்துப் படிக்கப் போனபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். தாளை வாங்கி என்னிடம் கொடுத்தார். "நீ படி."

நான் படித்தேன். அண்ணனின் கல்லறை, கல் வரப்பு, பலா மரம், தண்ணீர்க் குழி என்று எல்லாம் இருந்தது. 'மனுதாரர் குடும்பம் தலைமுறையாக அனுபவித்து வருவதாகத் தெரிகிறது' என்கிற இடத்துக்கு வந்தேன். அப்பா, "திரும்பப் படி" என்றார். படித்தேன். பிறகுதான் மை டப்பாவைக் கேட்டார். அம்மா முதலில் விரல் வைத்தாள், அப்பா அதன் பக்கத்தில் வைத்தார்.

அவர்கள் போனபிறகு அம்மாவும் நானும் அந்த மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி இன்னா பண்றது? நீ பொறந்துட்ட" என்றாள். பிறகு அவன் எப்படி இருப்பான், யார் ஜாடை என்றெல்லாம் சொன்னாள். நெற்றியும் காதும் என்னைப் போலவாம். மேலே கொல்லையில் அப்பா அறுத்த தாளடியில் மாடுகளை அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்பு. கிராம சபை மறுபடி கூடி மனுக்களை ஒப்புக்கொண்டது. அதற்கும் நாங்கள் உட்கார்ந்தோம். அப்புறம் உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று காகிதங்கள் நகர்ந்தன. சிலருடையது திரும்பி வந்தது. திரும்பி வந்தவர்களுக்கு வக்கீல் பெண் மறுபடி எழுதிக் கொடுத்தாள். வளைவுகளில் வாந்தி எடுப்பதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள்.

பட்டா கொடுக்கிற நாளில் அம்மாவையும் அப்பாவையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டார்கள். கல்யாணத்தன்றுகூட இருவரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்ததில்லையாம். மேடையிலிருந்து இறங்கியதும் அம்மா, அவள் பெயர் எது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். எழுத்து தெரியாதவர்கள் எழுத்தைப் பார்ப்பது ஒரு படத்தைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

கேட்டது முழுக்க வரவில்லை. மேல்பக்கம் பாறை ஓரமாக இருக்கும் துண்டு வரைபடத்தில் விட்டுப்போயிருந்தது. குடகிலிருந்து வந்த என் தம்பிக்கு வேறு ஒரு வருத்தம். இந்த நிலத்தை விற்க முடியாது, பிள்ளைகளுக்குத்தான் போகும் என்று சட்டம் சொல்கிறது. "அடமானம்கூட வெக்க முடியாதா? அப்புறம் இது இன்னா பட்டா?" என்றான். அப்பா அவனுக்குப் பதில் சொன்னார். "விக்க முடியாதுன்னா, எவனும் ஏமாத்தி வாங்கவும் முடியாது. கீழ் நாட்டுல இருந்து வந்து எத்தினி பேரு நம்ம ஆளுங்க நெலத்தைச் சாராயத்துக்கு எழுதி வாங்கினானுங்க தெரியுமா?"  தம்பி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போர் போட, மாடு வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பது இன்னும் எங்கள் ஊரில் பேசிக்கொண்டிருக்கிற விஷயம்தான். ஊர்க் கூட்டத்தில் அதை நாங்களும் உட்கார்ந்து பேசுகிறோம். அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஜமக்காளத்தில் பாதியை விட்டு உட்காருவது ஆண்களுக்கே பழகிவிட்டது.

விட்டுப்போன பாறைத் துண்டுக்கு மேல்முறையீடு போட்டோம். விசாரணைக்கு அப்பா என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அம்மாவோடு திருப்பத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். நான் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"உள்ள நாற்காலி போட்டாங்க" என்றார் அப்பா. பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம். "உங்கம்மா உக்கார மாட்டேன்னா. நான்தான் உக்காருன்னேன்."

"இன்னாப்பா சொன்னாங்க?"

"அளக்கறதுக்கு மறுபடி ஆள் அனுப்பறாங்களாம். பொங்கல் கழிச்சு." பக்கத்தில் அம்மா ஏதோ சொல்வது கேட்டது. "வர்றவங்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போடணும்னு உங்கம்மா சொல்றா. கோழிக் கொழம்பு வெச்சாத் தின்னுவாங்களா, கேட்டுச் சொல்லு."

தின்னுவாங்க, தாராளமா செய்யுங்க என்றேன். போனை வைத்துவிட்டு, லீவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடலாம் என்று மேனேஜரின் அறைப் பக்கம் நடந்தேன்.